அமலி அக்காவின் பிணைப்பு நாள்

"தறிதான் நின்னுடுச்சே. இப்ப இன்னாத்துக்கு மியூட்டு?"

அமலி அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரையில் சிவப்பாக இருந்த மைக் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது 2021, ஆனி மாதக் கடைசி. நான் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பாடமெல்லாம் ஃபோனில் நடந்தது. எங்கள் வீடு ஆரணி பக்கம் முள்ளிப்பட்டில். முன்னறையில் தறி இருக்கிறது. அந்தத் தறிக்குப் பக்கத்துச் சுவரோரம்தான் எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம். அதனால் காலையில் அப்பா தறியில் உட்காருவார், நான் தறிக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவருக்கும் வேலை, எனக்கும் வகுப்பு.

பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில், இயற்பியல் எடுக்கும் பரசுராமன் சார் என் பெயரைக் கூப்பிட்டார். மைக்கைத் திறந்து "சார்" என்றேன். அதற்கு மேல் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. தறிச் சத்தம்தான் கேட்டது.

"யாரும்மா அது, கலைமகளா? மாவு மிஷின்ல உக்காந்துகினு இருக்கியா? மியூட் போடு, மியூட் போடு."

சார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் இருந்த எல்லாரும் சிரிக்கிற பொம்மையாக அனுப்பினார்கள். திரை முழுக்கச் சிரிப்பு. அன்று மைக்கை அமுக்கியவள்தான். அந்த வருடம் முடிந்து அடுத்த வருடம் பிறந்தும் திறக்கவில்லை. 'பிரசன்ட் சார்' என்று தட்டி அனுப்புவேன். சந்தேகம் இருந்தாலும் கேட்க மாட்டேன். கொஞ்ச நாளில், எது சந்தேகம் என்றே தெரியாத அளவுக்குப் பாடம் என்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு இடத்தில் உட்காராத பெண். "கலை, உன் பெஞ்சுல ஆணி கீது போல" என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அந்த வருடமோ படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் சரியில்லை. அம்மா ஒன்று கேட்டால் வள்ளென்று விழுவேன்.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் செட்டுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவே இல்லை. பதினொன்றிலும் எல்லாருக்கும் பாஸ். பொதுத்தேர்வு அறை எப்படியிருக்கும் என்றே தெரியாமல் பன்னிரண்டுக்கு வந்துவிட்டோம். "இந்த வருஷமும் ஆல் பாஸ்தான்" என்று சிலர் சொன்னார்கள். அது பொய்யானால்?

நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். பரீட்சை எழுதுவதில்லை. அப்பாவின் தறிக்கு எதிரில் இன்னொரு தறி போட இடம் இருக்கிறது. எனக்கு நெய்யத் தெரியும். அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நெசவைக் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் நெசவின் மேல் ஆசைப்பட்டு எடுத்த முடிவும் இல்லை அது. ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் எங்கள் தறியில் பாவு தீர்ந்தது.

பட்டுச் சேலையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். அது தீர்ந்தால் தறி நிற்கும். பழைய பாவின் முனைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அவற்றோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, வரிசை மாறாமல், ஆயிரக்கணக்கான இழைகள். இதுதான் பிணைப்பு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அன்று முழுக்க வீட்டில் சத்தமே இருக்காது.

வழக்கமாக எங்கள் வீட்டுக்குப் பிணைக்க வருபவர் சேவூரிலிருந்து வரும் ஒரு அம்மா. அந்த முறை அவருக்குப் பதிலாக அவர் மகள் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு, மாஸ்க்கோடு ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். அவள்தான் அமலி அக்கா.

அக்கா பி.காம். படித்தவள். படித்து முடித்ததும் சென்னைப் பக்கம் ஒரு ஃபோன் கம்பெனியில் வேலை. செய்த ஃபோன்களின் மைக் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புவதுதான் அவள் வேலை. எங்கும் நோய் பரவியபோது கம்பெனி நின்றது. விடுதியில் ஒரு அறைக்குள் பல நாள் தனியாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தாள். அம்மாவுக்குக் கண் மங்கியதால், சின்ன வயதில் கற்ற பிணைப்பை மறுபடி கையில் எடுத்தாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அன்று அக்கா பிணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வகுப்பு ஓடியது. சார் என் பெயரைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல 'பிரசன்ட் சார்' என்று தட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவளே தொடர்ந்தாள். "எத்தினி மைக்க டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டு அனுப்பிச்சிருப்பேன் தெரியுமா? நீ இன்னாடான்னா அத அமுக்கி வெச்சிகினு கீற. கம்பெனிக்காரன் கேட்டா அழுதுடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மைக்கைத் திறக்க விரல் போகவில்லை. தறி நின்றிருக்கிறது, வீடு அமைதியாக இருக்கிறது, அப்படியும் போகவில்லை.

வகுப்பு முடிந்தது. "சரி, சார்கிட்ட வேணாம். எங்கிட்ட படி. கை ரெண்டுந்தான் வேலை செய்யுது, காது சும்மாதான கீது" என்றாள்.

"உனக்கு ஃபிசிக்ஸ் தெரியுமாக்கா?"

"ஒரு எழுத்து தெரியாது. அதான் உனக்கு நல்லது. நீ தப்பா சொன்னாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு பக்கம் படித்ததும் நின்றுவிட்டேன்.

"இன்னா, அறுந்துச்சா?" தறியில் இழை அறுந்தால் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"புரியலக்கா."

"எதுலேர்ந்து?"

"எல்லாமே புரியல. நான் பரீட்சை எழுதப் போறதில்ல."

எப்படி அது என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்று மட்டும் தெரிகிறது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிணைக்கிறவர்கள் இழையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அம்மாவோ அப்பாவோ "இன்னா ஆச்சு?" என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள், உடனே எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். இங்கே என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தி இருந்தாள்.

அவள் கை நிற்கவில்லை. "வீட்ல சொல்ட்டியா?"

"இல்ல."

"தூக்கம் வருதா?"

"வரல."

"சாப்புடுறியா?"

"கொஞ்சம்."

அவள் புத்தி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த இழையை முறுக்கிக்கொண்டே, "ஹாஸ்டல்ல நான் தனியா இருந்தப்ப யார்கிட்டயும் பேசல. அப்பால ஒரு நாளு வாட்ச்மேன் 'சாப்டியாம்மா'ன்னாரு. பதில் சொல்ல வாயத் தெறந்தா கொரலு வரல. பயந்தே போய்ட்டேன்" என்றாள்.

பிறகு நான் பேசினேன். மாவு மிஷின் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் நிறுத்தினால், "பேசு, பேசு. நீ நிறுத்தினா எனக்குத் தூக்கம் வந்துடும், இழை மாறிடும். உங்கப்பா என்ன வண்டியோட தூக்கி ஏரில போட்டுடுவாரு" என்பாள்.

சாயங்காலம் கிளம்பும்போது கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கலை, ஒண்ணு பண்ணு. இந்தப் பாவு தீர்ற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாத. அடுத்த பிணைப்புக்கு வருவேன்ல, அப்ப சொல்லு. எழுதலன்னாலும் சரி, உங்கப்பாகிட்ட உங்கூட நானும் வந்து சொல்றேன்."

அவ்வளவு சின்ன வாக்குறுதியை என்னால் கொடுக்க முடிந்தது. ஒரு வருடத்துக்கு என்றால் முடிந்திருக்காது. ஒரு பாவுக்கு என்றால் முடியும். சில சேலைகள்தானே.

அடுத்த வாரமே ஃபோன் செய்தாள். "சேவூர்ல திருமலைன்னு ஒரு பையன், உங்க கிளாஸாமே? அவன் வீட்ல இன்னிக்கு பிணைப்பு. அவனும் மியூட்டுதான். நீயும் லைன்ல வா."

திருமலை என் வகுப்பில்தான் இருந்தான். பெயர் கூப்பிட்டால் சத்தமே வராது; ஃபோனை வைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவன் வீட்டிலோ இரண்டு தறி. அன்று இரண்டில் ஒன்றுக்குப் பிணைப்பு. இன்னொன்றை அவன் அப்பாவிடம் பேசி அரைநாள் நிறுத்தவைத்திருந்தாள் அக்கா. அவன் வேதியியலில் ஒரு பாடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

அவன் சொன்ன வேகம் ஆரணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி இருந்தது. பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல்: "டேய், மூச்சு வுட்டு பேசுடா, கண்ணு!"

"புரியல. திரும்ப சொல்லு" என்றாள் அக்கா. அவள் நடத்திய பாடம் மொத்தமே இந்த மூன்று வார்த்தைகள்தான். திரும்பச் சொல்லும்போது அவனே தன் தப்பைக் கண்டுபிடித்தான்.

அந்த ஆடி மாதம் முழுக்க இப்படித்தான் போனது. அக்கா பிணைக்கப் போகிற வீடுகளிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் சேர, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் வந்தது. எந்த வீட்டில் பிணைப்போ அந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்று பேசும் நாள். மற்றவர்களுக்குக் கேட்கும் நாள். யார் வீட்டுப் பாவு எப்போது தீரும் என்று அக்காவுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிய ஆரம்பித்தது. திருமலை குழுவில் எழுதுவான்: 'எங்கப்பா ஸ்லோவா நெய்றாரு. என் டர்ன் தள்ளிப் போவுது.' அவன் அப்பா அதைப் படித்துவிட்டு அவனையே இரண்டு நாள் தறியில் உட்காரவைத்த கதை தனி.

பாடம் ஆரம்பிக்கும் முன் அக்கா எல்லாரையும் கேட்பாள்: "தூங்கினியா? சாப்டியா?" பதில் சரியில்லையென்றால் அன்று பாடம் இல்லை, வெறும் பேச்சுதான். ஒருமுறை எங்கள் வகுப்பில் படிக்கும் சேவூர் நான்சி பேச ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். "அழுது முடி. நாங்க லைன்லயே கீறோம், எங்கயும் போவல" என்றாள் அக்கா. நான்சி அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சொன்னாள்.

எனக்கு அதற்குள் பாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மற்றவர்கள் சொல்லக் கேட்டதில் பாதி, என் முறை வரும் என்ற பயத்தில் படித்தது பாதி. ஆனால் சார் வகுப்பில் மட்டும் என் மைக் சிவப்பாகவே இருந்தது. தறியில் பாவு சுருங்கிக்கொண்டே வந்தது. தினமும் எட்டிப் பார்ப்பேன். என் முடிவைச் சொல்ல வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது.

ஆவணியில் பாவு தீர்ந்தது. அக்கா வந்தாள். அப்பாவுக்குப் பாவு கொடுத்துச் சேலையாக நெய்து வாங்கும் முதலாளி இந்த முறை கொடுத்திருந்தது அரக்கு நிறப் பாவு. சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சர்ச்சுல நெத்திக்கு சாம்பல் வெக்கிற சாம்பல் புதன் எங்களுக்கு வருஷத்துல ஒரு நாளு. எனக்கு வாரத்துல மூணு நாளு" என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்தாள். லைனில் திருமலையும் நான்சியும்.

நான் எடுத்துக்கொண்டது இயற்பியலின் முதல் பாடம், நிலைமின்னியல். முன்பு நான் அறுந்துபோன இடம். இந்த முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னேன்.

"கண்ணாடிக் குச்சிய பட்டுத் துணியால தேச்சா, குச்சிக்கு பாசிட்டிவ் மின்னூட்டம் வரும்..."

"எதால?"

"பட்டுத் துணியாலக்கா."

"பட்டாலயா! யாருடி அவ, பட்ட எடுத்து கண்ணாடி தொடைக்கிறவ? இங்க ஒரு இழை போச்சுன்னா உங்கப்பா தலைல கைய வெச்சுகிறாரு!"

அடுக்களைப் பக்கமிருந்து அப்பா சிரித்தார். ஃபோனில் திருமலை சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே, தேய்க்கும்போது எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போகும், பட்டுக்கு நெகட்டிவ் வரும், எதிர் எதிரானவை இழுத்துக்கொள்ளும் என்று சொன்னேன்.

"இரு, இரு" என்றாள் அக்கா. "வெயில் காலத்துல பிணைக்கறப்ப நூலு வெரல்லயே ஒட்டிக்கும். போவே போவாது, பேஜாரு. மழை நாள்ல அப்பிடி ஒட்டாது. அதுவும் இதுதானா?"

கேட்டவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிணைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியலக்கா" என்றேன். "மழை நாள்ல ஏன் ஒட்டாதுன்னு தெரியல."

"அப்ப சார்கிட்ட கேட்டு சொல்லு."

அவள் மறுபடி இழைக்குத் திரும்பி வெகுநேரம் பிணைத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு இழை மிச்சம் நின்றது. எங்கேயோ வரிசை மாறியிருக்கிறது. அப்பா குனிந்து பார்த்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த அந்த இடத்தில்தான்.

அப்பாவின் முகம் கடுகடுவென்று ஆனது. "பிணைக்க வந்தவ பாடம் கேட்டா இப்பிடித்தான் ஆவும். நாளைக்குக் காலைல நான் தறில உக்காரணும்."

"என் தப்புதாண்ணா. பட்டால கண்ணாடிய தேச்சா மனசு தாங்கல" என்றாள் அக்கா. பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "ஜல்தியா முடிச்சுடறேன்."

மாறிய இடம் வரை பிரித்தாள். அதற்கு முன்னால் இருந்ததைத் தொடவில்லை. அது சரியாகத்தான் இருந்தது. அங்கிருந்து மறுபடி ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டு வந்தாள். நான் டார்ச் பிடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அப்புறம் அவரே டீ வைத்துக் கொண்டுவந்தார்.

கையைக் கழுவும்போது கேட்டாள். "இன்னா முடிவு பண்ண?"

"உன் கேள்விக்கே இன்னும் பதில் வாங்கலியே."

"வாங்கிட்டு சொல்லு" என்று வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலையில் புதுப் பாவில் தறி ஓடியது. முதல் பீரியட் இயற்பியல். பாடம் முடியும் நேரத்தில் சார் வழக்கம்போல, "யாருக்காவது டவுட் இருக்கா? இல்ல, முடிச்சுக்கலாமா?" என்றார். தட்டி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டவும் ஆரம்பித்தேன். மழை நாள், நூல், விரல் என்று அது எழுத்தில் நீளமாகப் போனது. சார் கிளம்பிவிடுவார் போலிருந்தது. மைக்கைத் திறந்தேன்.

டக்கு டக்கென்று தறிச் சத்தம் முதலில் போனது. அப்பா என்னைப் பார்த்துவிட்டு மிதியிலிருந்து காலை எடுக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"சார், கலைமகள் சார். தறி ஓடிகினு இருக்கு சார். நான் சத்தமா கேக்குறேன் சார்."

"கேக்குதும்மா. சொல்லு" என்றார் சார்.

கேட்டேன். தறி அடிக்கிற இடைவெளியில் வார்த்தையை வைத்துக் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். ஃபோனில் மட்டும் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

"யாரும்மா இத கேட்டது?"

"எங்க வீட்டுக்கு பாவு பிணைக்க வர்ற அக்கா சார்."

சார் சந்தோஷமாகிவிட்டார். காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் தங்காமல் கசிந்து போய்விடும், வறண்ட நாளில்தான் தங்கும், அதனால்தான் நூல் விரலில் ஒட்டுகிறது என்று விளக்கினார். முடிப்பதற்குள் திருமலை மைக்கைத் திறந்தான்; அவன் வீட்டு இரண்டு தறியும் சேர்ந்து உள்ளே வந்தன. அடுத்து நான்சி.

"என்னப்பா இது, எங்க திரும்பினாலும் தறியா இருக்கு?"

"ஆரணி சார்!" என்றான் திருமலை.

சார் சிரித்தார். மியூட் போடச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அக்காவுக்கு ஃபோன் செய்து பதிலைச் சொன்னேன். "ஓ, ஈரமா" என்றாள். "சரி, உன் பதிலு?"

"எழுதுறேன்க்கா."

"அப்ப ஃபோன வை. இழை மாறிடும்."

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. நடுவில், ஜனவரியில் மறுபடி மூடியபோது நாங்கள் யாரும் கலங்கவில்லை. யார் வீட்டில் பாவு தீரப்போகிறது என்றுதான் முதலில் விசாரித்தோம். மே மாதம் பொதுத்தேர்வு நடந்தது. எனக்குப் பெரிய கஷ்டம் கேள்வித்தாளில் இல்லை. அந்த அறையில் சத்தமே இல்லை! முதல் பரீட்சையில் என் கால் தானாகத் தரையில் டக்கு டக்கென்று தட்ட, "காலை ஆட்டாதம்மா" என்று மேற்பார்வையாளர் இரண்டு முறை சொன்னார். பிறகு மனதுக்குள் தறியை ஓட்டிக்கொண்டு எழுதினேன்.

பாஸாகிவிட்டேன். இயற்பியலில் எல்லாரும் வியக்கும்படியான மார்க் இல்லை, எனக்குப் போதும். திருமலையும் நான்சியும் பாஸ். வேலூரில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்கா இப்போதும் பிணைக்கிறாள். பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "அங்க மைக்குதான் பேசும். இங்க புள்ளைங்க பேசுது" என்றாள். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "என்னப் பத்தி எழுத இன்னா கீது? நான் ஒண்ணும் சொல்லித் தரலியே" என்றாள். அது உண்மைதான். அவள் எதையும் சொல்லித் தரவில்லை. கேட்டாள்.

அவளுடைய முதல் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நான் மியூட் போட்டது தறிக்காக இல்லை. தறி நின்றாலும் ஓடினாலும் எனக்குச் சிரிப்புக்குப் பயம். அந்தப் பயம் போனபின் தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. என் குரலும் கேட்டது.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலும் ஃபோனை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை இருக்கலாம். இந்தக் கதையை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோங்கள். வெறுமனே அனுப்பிவைக்காதீர்கள். காய் நறுக்கிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, இதை வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நடுவில் நின்றுவிட்டால், அக்கா கேட்ட மாதிரி, "அறுந்துச்சா?" என்று மட்டும் கேளுங்கள். படித்து முடித்ததும் அந்தப் பிள்ளை இந்தக் கதையை இன்னொருவரிடம் சொல்லட்டும்.